நெவிலுக்கு வைத்த வரிசை

தன் பப்பின் வாசலில் நிற்கும் கரும்பலகையை லினெட் தினமும் காலையில் புதிதாக எழுதுவாள். மழை வந்தால் சாக்கட்டி வழிந்து எல்லாம் வெள்ளைக் கோடுகளாகிவிடும். ஆனாலும் எழுதுவாள். ஞாயிறு மதியம் வறுத்த ஆட்டுக்கறியும் புதினாத் துவையலும். மாடியில் தங்க அறைகள் உண்டு, உயரமானவர்கள் தலையைப் பார்த்துக்கொள்ளவும். நாய்கள் வரலாம், சேற்றுக் காலணிகளும் வரலாம். கடைசியில், மற்றதைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில்: தினமும் மாலை விளக்கின் கதை, சொல்பவர் நெவில் ஆஸ்பின்.

ஓக்கர்பிக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் அந்தக் கடைசி வரிக்காகத்தான் உள்ளே நுழைவார்கள். கோட்டையில் ஒரே ஒரு சுவர்தான் மிச்சம். தேவாலயம் பாதி நாள் பூட்டியிருக்கும். பிறகு சந்தைச் சதுக்கத்தின் மூலையில், ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் 'மேய்ப்பன் விளக்கு' கண்ணில் படும். நானூறு வருடத்துப் பப். தரையில் ஒரு எலுமிச்சையை வைத்தால் அது தானாகக் கணப்படுப்பு வரைக்கும் உருண்டு போகும். ஆற்றைப் பார்த்த சன்னலில் ஓர் இரும்பு விளக்கு தொங்கும். அதற்குக் கீழே ஒரு முக்காலி. முக்காலியில் நெவில்.

முழங்கால் தேய்ந்து போகும்வரை அவர் ஊர்ச் சந்தையில் ஆடு ஏலம் விட்டவர். கதையையும் ஏலம் விடுகிற மாதிரியேதான் சொல்வார். தாழ்ந்த குரலில் தொடங்கி, மெல்ல மெல்ல ஏற்றி, சட்டென்று நிறுத்திவிட்டு, யாராவது கூடுதலாகக் கேட்கிறார்களா என்று பார்ப்பதுபோல எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். பிறகு மேசையில் உள்ளங்கையால் ஓர் அடி. கேட்பவர்கள் தூக்கிவாரிப் போட்டு, அப்புறம் சிரிப்பார்கள். கதை முடிந்ததும் யாராவது ஒருவர், "ஐயா, என்ன குடிக்கிறீங்க?" என்று கேட்பது வழக்கம். நெவில் வாயால் பதில் சொல்லமாட்டார். பாருக்கு மேலே உத்தரத்தில் வரிசையாகக் கொக்கிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஊர்க்காரர் ஒருவருடைய வெள்ளீயக் குவளை. அதில் தன்னுடையதை விரலால் காட்டுவார். லினெட் அதை எடுத்து, பீப்பாயிலிருந்து பீர் ஏற்றும் கைப்பம்பை இழுத்து நிரப்புவாள்.

வசந்தம் தொடங்கிய சமயம் அவரை ஒரு வாரம் காணவில்லை. மகள் வீட்டுக்குப் போயிருப்பதாக ஊரில் சொன்னார்கள். ஒரு காலையில் லினெட் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது பக்கவாட்டுக் கதவைத் தட்டினார்.

"லின், உள்ள வரலாமா கண்ணு? இன்னும் தெறக்கலன்னு தெரியும்."

"உங்களுக்கு என்னிக்குக் கதவு சாத்தியிருக்கேன்? வாங்க. என்ன இப்படி எளச்சுப் போயிருக்கீங்க? மக சாப்பாடே போடலையா?"

"மக வீட்டுக்குப் போகல. ஆஸ்பத்திரில இருந்தேன்."

அவர் முக்காலிக்குப் போகவில்லை. கதவுக்குப் பக்கத்திலேயே, விருந்தாளி மாதிரி உட்கார்ந்தார். ஒரு நாள் விடியற்காலையில் ரத்தமாக வாந்தி எடுத்ததைச் சொன்னார். ஏதோ பக்கத்து வீட்டு ஆட்டுக்கு நடந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"ஈரல் போச்சாம். தொண்டைக்குக் கீழ நரம்பெல்லாம் சினையாட்டு மடி மாதிரி வீங்கிக் கெடக்காம். கட்டுப் போட்டு அனுப்பியிருக்காங்க. டாக்டரு சின்னப் பொண்ணு. 'இனிமே ஒரு சொட்டுகூடக் கூடாது, அடுத்த தடவ வெடிச்சா நாங்க ஒண்ணும் பண்ண முடியாது'ன்னுச்சு. ஒரு சொட்டுன்னா எவ்ளோ பெரிய சொட்டுன்னு கேட்டேன். அது சிரிக்கல."

லினெட்டும் சிரிக்கவில்லை. "சரி, விட்டுடுங்க. அதுல என்ன இருக்கு? காபி தரேன், ஆரஞ்சு ஜூஸ் தரேன். வந்து உக்காந்து கதை சொல்லுங்க."

"ஹெர்பர்ட்டுக்கும் ஆரஞ்சு ஜூஸ்தானே குடுத்த?"

அவளுக்கு ஹெர்பர்ட்டை நன்றாக நினைவிருந்தது. குடியை விட்ட பிறகும் அவன் தினமும் வந்தான். யாரும் அவனை ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. அவன் பக்கத்தில் உட்காருபவர்கள் குரலைத் தணித்துக்கொண்டார்கள். அவனுக்குச் சங்கடமாக இருக்குமே என்று, ஆளுக்கொரு சுற்று வாங்கும்போது அவனை விட்டுவிட்டு வாங்கினார்கள். அவனும் தன் முறைக்கு வாங்க வேண்டாம் என்றார்கள். அவன் கண்ணெதிரில் குடிக்கக் கூசி, ஒருவர் ஒருவராகப் பக்கத்து மேசைக்கு நகர்ந்தார்கள். குளிர்காலம் வருவதற்குள் ஹெர்பர்ட் வருவதை நிறுத்திவிட்டான்.

"வீட்ல எனக்கு ஒரு நாற்காலி, ஒரு டிவி. வேற ஒண்ணும் இல்ல லின். பகல் முழுக்கத் தாங்கிக்குவேன். சாயங்காலம் இங்க வந்தாதான் நான் ஆளு." அவர் உத்தரத்தைப் பார்த்தார். "அது வெள்ளீயம். கண்ணாடி இல்ல. உள்ள என்ன இருக்குன்னு குடிக்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும். போதையில்லாத பீருன்னு பாட்டில்ல வருதாமே. அதை ஊத்திக் குடு. யாருக்கும் சொல்லாத."

"கோர்டனுக்குக்கூடவா? உங்க கூட்டாளியாச்சே."

"கோர்டனுக்கு மொதல்ல சொல்லாத."

அவர் வலது உள்ளங்கையை நீட்டினார். சந்தையில் விலை படிந்தால் அப்படித்தான் நீட்டுவார்கள். மறு கை அதில் படாரென்று விழ வேண்டும். விழுந்த பிறகு பேச்சு மாறினவனுக்கு அந்தச் சந்தையில் யாரும் ஆடு விற்பதில்லை. லினெட் விவசாயி மகள். யோசிக்காமல் அடித்தாள்.

அடுத்த சில வாரங்கள் அவளுக்குச் சந்தோஷமாகவே போயின. ரகசியம் ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. பாட்டில்கள் பாருக்கு அடியில் ஈரத்துண்டுக்குப் பின்னால் இருந்தன. கைப்பம்பை வெறுமனே பாதி இழுத்துவிட்டு, குனிந்து ஊற்றி, நுரையை மரக்கரண்டியால் வழித்துவிட்டு நீட்டுவாள். நெவில் முதல் வாய் குடித்துவிட்டு, "இன்னிக்குப் பீப்பாய் அருமை," என்பார். கோர்டன் தன் கண்ணாடித் தம்ளரை உயர்த்திப் பார்த்து, "எனக்கு மட்டும் கழுதை மூத்திரம் மாதிரி இருக்கு, உனக்கு மட்டும் எப்படிய்யா அருமையா இருக்கு?" என்பார். வெளியூர்க்காரர்கள் வாங்கிக் கொடுத்தார்கள், அவர் குடித்தார். முகத்தில் கொஞ்சம் நிறம் திரும்பியது. கதையும் முன்னைவிட நன்றாக வந்தது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், நெவில் இல்லாத நேரத்தில், கோர்டனும் பாமும் ஒன்றாக வந்தார்கள். கோர்டன் மலைச்சரிவில் ஆடு வளர்ப்பவர், நெவிலோடு ஒரே பெஞ்சில் படித்தவர். பாம் சந்தையில் பாலாடைக்கட்டிக் கடை போடுபவள். இருவரும் வழக்கமான இடத்தில் உட்காராமல் பாரில் வந்து கைகளை ஊன்றி நின்றார்கள்.

"லின், நெவில் உன்கிட்ட ஏதாவது சொன்னானா?"

"என்ன சொல்லணும்?"

"சொல்லமாட்டான். பெரிய ஆளு." கோர்டன் தொப்பியைக் கழற்றி பாரில் வைத்தார். "நேத்து என் வீட்டுக்காரிய இடுப்பு காட்டக் கூட்டிட்டுப் போனேன். ஆஸ்பத்திரி வராந்தால இவன் உக்காந்திருக்கான், கைல ஊசி குத்தின பஞ்சோட. என்னப் பாத்ததும் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான். அது எந்த வார்டுன்னு எனக்குத் தெரியும். எங்க அண்ணன் போன வார்டு. புத்துநோய் வார்டு."

நெவில் போனது ஈரல் வார்டுக்கு என்று லினெட்டுக்குத் தெரியும். ஒரே வராந்தாவில் எதிரெதிராக இருக்கும் வார்டுகள். அவள் கையிலிருந்த துணியால் ஏற்கெனவே துடைத்த இடத்தைத் துடைத்தாள்.

"வியாழக்கிழமை வரிசை வெச்சுடலாம்னு இருக்கோம்," என்றாள் பாம்.

வரிசை என்றால் ஓக்கர்பியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒருவருக்குக் கல்யாணமோ, சாவோ, தாங்க முடியாத ஏதோ ஒன்றோ வந்தால், யாரும் அவரிடம் போய்ப் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள். பேசத் தெரியாது. அதற்குப் பதில் பாரின் நீளத்துக்கு நிறைந்த தம்ளர்களை வைப்பார்கள், ஆளுக்கு ஒன்று. அவர் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் குடித்து, வைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். மிச்சத்தை எல்லாரும் பகிர்ந்து குடிப்பார்கள். எந்தத் தம்ளரையாவது தொடாமல் விட்டால், அதை வைத்தவரோடு உறவு முடிந்தது என்று பொருள். வேலிச் சண்டையில் அப்படித் தொடாமல் விட்ட இரண்டு அண்ணன் தம்பிகள் இன்னும் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

"வேண்டாம் கோர்டன்," என்றாள் லினெட். "அவருக்குப் பிடிக்காது. சொல்லாம இருக்கார்னா காரணம் இருக்கும். ஆர்ப்பாட்டம்னு நெனப்பார்."

"வரிசையா? ஆர்ப்பாட்டமா?"

"இல்ல, ஒடம்புக்கு ஆகாம இருக்கலாம். மருந்து கிருந்து சாப்பிடறாரோ என்னவோ."

"தினமும் சாயங்காலம் நீதானே ஊத்திக் குடுக்குற? அப்ப மருந்து ஒண்ணும் பண்ணல. நாங்க வெச்சா மட்டும் பண்ணுமா?"

கோர்டன் கண்ணெதிரில் தினமும் ஊற்றியது அவள்தானே.

பாம் அவள் கையைத் தொட்டாள். "எனக்குக் கொழந்த பொறந்து செத்தப்ப நீங்க எல்லாரும் வெச்சீங்களே லின். நீ வெச்சது அந்தக் கடைசித் தம்ளர். அத்தனையும் பாத்தப்பறம்தான் எனக்கு வீட்டுக்குப் போயி அந்த ரூம் கதவத் தெறக்கத் தைரியம் வந்துச்சு. அவரு தனியா இருக்காரு. அவருக்கும் வேணும்."

புதன்கிழமை லினெட் கடையை அரை மணி தாமதமாகத் திறந்தாள். நெவில் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"மக வீட்டுக்குப் போயிடுங்க. இந்தத் தடவ நெசமாவே போங்க. நான் பஸ் ஏத்தி விடறேன்."

"சந்தை நாள்ல நான் இல்லன்னா செத்துட்டேன்னு பேசிக்குவாங்க. அப்பறம் திரும்பி வந்தா வரிசை ரெண்டு மடங்காகும்."

"அப்ப நான் சொல்லிடறேன். புத்துநோய் இல்ல, குடிதான்னு. அவங்க புரிஞ்சுக்குவாங்க."

"புரிஞ்சுக்குவாங்க. அதானே பயம்." அவர் தட்டில் இருந்த ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார், சாப்பிடவில்லை. "கை அடிச்சிருக்க லின்."

"தெரியும்."

"உதட்டுல பட்டா போதும்ல? தொண்டைக்குள்ள எறங்குதா இல்லையான்னு எவன் பாக்கப் போறான்? ஒதட்ட நனைச்சு, பேரச் சொல்லி, கீழ வெச்சுடறேன். உன் பாட்டில் மந்திரம் மாதிரி எனக்கும் ஒரு மந்திரம்." சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளைக் கொஞ்சம் சமாதானப்படுத்தியது. வழி நெடுக அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். உதட்டில் பட்டால் போதும்.

வியாழக்கிழமை நல்ல வெயில். சந்தை கலைந்து, லாரிகள் கிளம்பி, சதுக்கத்தில் வைக்கோலும் ஆட்டுப் புழுக்கையும் மட்டும் மிஞ்சியிருந்தபோது எல்லாரும் உள்ளே வந்தார்கள். லினெட் அதற்கு முன்பே நிலவறைக்கு இறங்கிப் பீப்பாய்க் குழாயை இறுகத் திருகி மூடியிருந்தாள். கோர்டன் முதல் தம்ளரைக் கேட்டதும் பம்பை இழுத்தாள். காற்றுதான் வந்தது.

"தீந்து போச்சு போல," என்றாள். "லாரி நாளைக்குத்தான் வரும். இன்னொரு நாள் வெச்சுக்கலாமே."

"சந்தை நாள்ல பீர் தீந்து போற பப்பா? இந்தப் பப்பக் கட்டினவன் கேட்டா கல்லறைல இருந்து எழுந்து வருவான்." கோர்டன் ஏற்கெனவே தரைக்கதவைத் தூக்கியிருந்தார். கீழேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவர் தலை மேலே வந்தது. "பீப்பாய் நெறஞ்சு கெடக்கு. எவனோ குழாயத் திருகி வெச்சிருக்கான். வயசாயிடுச்சு லின் உனக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். லினெட் பம்பை இழுத்தாள். இந்தத் தடவை வந்தது.

ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள், அவள் ஊற்றினாள். எல்லாம் கண்ணாடித் தம்ளர். எல்லாம் அவர்கள் கண்ணெதிரில். கோர்டன், பாம், தபால்காரன், தேவாலயத்தில் மணி அடிக்கும் இரட்டைச் சகோதரிகள், வேலிச் சண்டை போட்ட அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல். மாடியில் தங்கியிருந்த டச்சுக்காரத் தம்பதி படியில் இறங்கி வந்து, என்ன நடக்கிறது என்று பாமிடம் விசாரித்தார்கள். பாம் தணிந்த குரலில் சொன்னாள். அந்தப் பெண் கண் கலங்கி, "நாங்களும் ஒண்ணு வைக்கலாமா? நாங்க ஊர்க்காரங்க இல்லதான்," என்று கேட்டாள். நடுவில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். சன்னல் வெயில் பட்டு அத்தனை தம்ளரும் தேன் நிறத்தில் எரிந்தன. இவ்வளவு அழகான ஒன்றை அந்த அறையில் லினெட் பார்த்ததில்லை.

நெவில் வந்தார். கதவிலேயே நின்றார். தெரியும் என்றாலும், பார்ப்பது வேறாக இருந்திருக்க வேண்டும். அவர் முகம் ஒரு கணம் குழந்தை முகம் மாதிரி ஆனது.

"மடப்பயலுங்களா," என்றார். "எவனுக்குக் கல்யாணம்?"

"உனக்குத்தான்யா. பொண்ணு இன்னும் கெடைக்கல. மொதல்ல குடி," என்றார் கோர்டன்.

லினெட் துணியைப் பிடித்தபடி நெவிலைப் பார்த்தாள். ஏலத்தில் புருவம் அசைந்தால் போதும், மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்பவன் புருவமாக இருந்தாலும் நெவில் கண்ணுக்குத் தப்பாது. அவள் புருவத்தை உயர்த்தினாள். சொல்லட்டுமா? அவர் தலையை ஒரே ஒரு தடவை அசைத்தால் சொல்லிவிடுவாள். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, காலங்கடந்து விலை கேட்டவனைத் தாண்டிப் போவதுபோல, பார்வையை அடுத்த முகத்துக்கு நகர்த்தினார்.

"வெளியூர்க்காரங்க இருக்காங்க. சும்மாவா குடிக்கிறது? கதையோட குடிப்போம்," என்றார்.

முதல் தம்ளரை எடுத்தார். "கோர்டன்." உதட்டில் வைத்து இறக்கினார். தொண்டை அசையவில்லை. லினெட் மூச்சை விட்டாள்.

"விளக்குக் காலத்துல இந்த ஆத்துக்குப் பாலம் கெடையாது," என்று தொடங்கினார். "சந்தைக்கு முந்தின நாள் பொழுது சாயறப்ப ஆட்டுக்காரங்க மந்தைய ஓட்டிக்கிட்டு அந்தக் கரைக்கு வருவாங்க. இந்தச் சன்னல்ல விளக்கு எரியும். அதைப் பாத்து எறங்குவாங்க." அடுத்த தம்ளர், இரட்டைச் சகோதரிகளுடையது. "மாபெல். டோரிஸ். ரெண்டு பேரும் ஒரே தம்ளர் வெச்சிருக்கீங்க, கஞ்சத்தனம்." சிரிப்பு. உதடு நனைந்தது, அவ்வளவுதான். "ஆனா நேரா வரக்கூடாது. நேரா வந்தா மடு. பாறைத் திட்டுல வளைஞ்சு வரணும். அது உள்ளூர்க்காரனுக்குத் தெரியும். அன்னிக்கு வந்தவன் புதுசு."

பாமின் தம்ளருக்கு வந்தார். அவள் தம்ளருக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள், இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல. நெவில் அவளைப் பார்த்தார்.

"பாம்," என்றார். தம்ளர் உதட்டில் நின்றது. பிறகு தொண்டை அசைந்தது.

லினெட் பார்த்தாள். வேறு யாரும் பார்க்கவில்லை. பார்க்க அதில் ஒன்றும் இல்லை, ஒரு மனிதர் பீர் குடித்தார்.

"ஆறு ரெண்டு கரையும் தொட்டு ஓடுது. இந்தப் பப்புக்காரி சன்னல்ல நின்னு பாக்குறா. அவன் எறங்கிட்டான். விளக்கப் பாத்து நேரா வரான், மடுவப் பாத்து." அடுத்தது, தபால்காரன் பெயர். விழுங்கினார். "விளக்க அணைச்சா அவன் இருட்டுல திக்குத் தெரியாம போயிடுவான். எரிய விட்டா நேரா மடுவுக்கு வருவான். விளக்கு அவ கைல இருக்கு." அண்ணன் பெயர். தம்பி பெயர். விழுங்கினார், விழுங்கினார். குரல் ஏறிக்கொண்டே போனது. "அவ என்ன பண்ணுவா? கையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறா. அவன் தல தெரியுது. தோள் தெரியுது. தல மட்டும் தெரியுது."

எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். உள்ளங்கை பாரில் விழுந்தது. தம்ளர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கிணுகிணுத்தன.

டச்சுக்காரப் பெண் கேட்டாள், வெளியூர்க்காரர்கள் எல்லாரும் கேட்பதுதான். "அவ ஏன் கத்தல? வளைஞ்சு வான்னு கத்தியிருக்கலாமே?"

"ஆத்துச் சத்தம் அதிகம்மா," என்றார் நெவில், எப்போதும் சொல்வதுபோல. அவளுடைய தம்ளரை எடுத்து, பெயரைக் கேட்டு, சிரமப்பட்டு உச்சரித்து, ஒரு வாய் குடித்தார்.

பப்பின் சார்பில் வைக்கும் தம்ளர் எப்போதும் கடைசியில். லினெட் உத்தரத்திலிருந்து அவர் குவளையை எடுத்தாள். குனிந்தாள். துண்டுக்குப் பின்னாலிருந்து பாட்டிலை எடுத்து ஊற்றி, நுரையை வழித்து வரிசையின் ஓரத்தில் வைத்தாள். அவர் அதை எடுத்து, "லினெட்," என்று முழுப் பெயரைச் சொன்னார். ஒரு வாய் குடித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். மிச்சத் தம்ளர்கள் கைக்குக் கை போயின, யாரோ பாட ஆரம்பித்தார்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் நெவில் குவளையை அவள் பக்கம் தள்ளினார்.

"இது வேண்டாம் கண்ணு. பம்புல இருந்து ஒண்ணு ஊத்து."

"இதுதான் இருக்கு," என்றாள்.

"லின்." கோபமில்லை. கெஞ்சலுமில்லை. தாகமெடுத்தவன் குரல், அவ்வளவுதான்.

பக்கத்திலேயே கோர்டன் நின்றிருந்தார். "என்ன, பப்புக்காரி கஞ்சத்தனம் பண்றாளா? நகரு, நான் ஊத்தறேன்," என்று சிரித்துக்கொண்டே பம்பின் மேல் கை வைத்தார். லினெட் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். தட்டிவிட்டபோது, ஏன் என்று கேட்கிற கண்கள் நாலு பக்கமும் இருந்தன. நெவிலின் கண்ணும். அவள் குவளையைக் கழுவினாள். அதை எவ்வளவு நேரம் கழுவ முடியுமோ அவ்வளவு நேரம் கழுவினாள். பிறகு பம்பை இழுத்தாள்.

மறுநாள் கடை திறக்கும் முன் பக்கவாட்டுக் கதவை அவளே திறந்து வைத்துக் காத்திருந்தாள். அவர் வந்தார்.

"நேத்து ஒரு நாள், போகட்டும். இன்னிக்கு இருந்து மறுபடி பாட்டில்," என்றாள்.

"முடியும்னு தோணல லின். நேத்து வரைக்கும் முடிஞ்சுது. பாம் மொகத்தப் பாத்துட்டு வெறும் ஒதட்டக் காட்ட முடியல. அப்பறம் மத்தவங்களுக்கு எப்படிக் காட்டறது? ராத்திரி பூரா நாக்குல அந்த ருசிதான்."

"அப்ப நான் உங்களுக்கு ஊத்தமாட்டேன். பப்பு என்னோடது. யாருக்கு ஊத்தறதுன்னு நான்தான் முடிவு பண்ணுவேன்."

"பண்ணலாம்." அவர் யோசித்துப் பார்த்தார், அவள் பக்கத்து நியாயத்தையும் சேர்த்தே யோசித்தார். "ரயில் நிலையத்துக்கிட்ட ஒரு பார் இருக்கு. பிளாஸ்டிக் நாற்காலி. அங்க எவனுக்கும் என் பேரு தெரியாது. கீழ விழுந்தாலும் யாரக் கூப்புடறதுன்னு தெரியாது. அங்க போவேன். போகமாட்டேன்னு பொய் சொல்ல விருப்பமில்ல."

லினெட் அவரைத் திட்டினாள், நாக்கில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். மகளுக்கு போன் பண்ணுவேன் என்றாள். பண்ணவும் செய்தாள், அவர் எதிரிலேயே. மகள் மறுமுனையில், "எங்க அம்மா இருந்தப்பவே ஆரம்பிச்சாச்சு அக்கா. நீங்க சில வாரம் நிறுத்தி வெச்சீங்களே, அதுவே எங்களால முடியல," என்றாள்.

அன்று மாலை அவர் முக்காலியில் உட்கார்ந்தார். யாரோ கதை கேட்டார்கள், யாரோ வாங்கிக் கொடுத்தார்கள். அவர் உத்தரத்தைக் காட்டினார். லினெட் ஊற்றினாள். முக்கால் குவளை ஊற்றி நுரையால் நிரப்பினாள். அடுத்த நாளும் அப்படித்தான். அவளால் செய்ய முடிந்தது அந்த நுரை மட்டும்தான். கோர்டன் மட்டும் கவனித்தார். "பாவம், சாகப்போறவன்கிட்டப் போயி நுரையக் காட்டி ஏமாத்தறியே லின்," என்று கேலியாகத்தான் சொன்னார்.

ஒரு ஞாயிறு, ஆட்டுக்கறி பரிமாறும் நேரம், நெவில் முக்காலியிலிருந்து எழுந்தார். கழிப்பறைக்குப் போவதுபோல நிதானமாக நடந்தார். வழியில் ஒரு குழந்தையின் தலையைத் தடவினார். பாருக்கு அருகில் வந்தபோது வாயைக் கையால் மூடினார். லினெட் அவரைப் பிடித்துத் தரையில் உட்கார வைத்தாள். துண்டுகள் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டாள், அடியில் இருந்த அந்த ஈரத்துண்டையும். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் வலது கை அவள் கைக்குள் இருந்தது. அடுத்த சந்தை நாளுக்குள் அவர் இல்லை.

அடக்கம் முடிந்து எல்லாரும் பப்புக்குத்தான் வந்தார்கள். லினெட் அவர் குவளையைக் கொக்கியில் தலைகீழாக மாட்டினாள். அந்த உத்தரத்தில் தலைகீழாக நிறையக் குவளைகள் உண்டு. கோர்டன் கறுப்புக் கோட்டில் வியர்த்துப்போய், பாரில் முழங்கையை ஊன்றி நின்றார்.

"நல்லவேள வரிசை வெச்சோம் லின்," என்றார். "எங்க அண்ணனுக்கு வைக்கல. தள்ளிப் போட்டுட்டே இருந்தோம். இவனுக்காவது வெச்சோம். அன்னிக்கு அவன் மொகத்தப் பாத்தியா? வாழ்நாள்ல அவன அப்படிப் பாத்ததில்ல."

"பாத்தேன்," என்றாள்.

"அதான். அது போதும்." அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். பாம் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

அப்போது கதவு திறந்தது. முதுகில் பையோடு இரண்டு பெண்கள், அம்மாவும் மகளும் போல. வெளியே இருக்கும் பலகையைப் பார்த்து வந்ததாகச் சொன்னார்கள். பலகையின் கடைசி வரியை லினெட் அழிக்கவில்லை. தினமும் எழுதும்போது கை தானாக அதையும் எழுதியிருந்தது. மாலையில் கதை உண்டா என்று கேட்டார்கள்.

முக்காலி காலியாக இருந்தது.

"உண்டு," என்றாள் லினெட். முக்காலியில் உட்காராமல், பாருக்குப் பின்னால் நின்றபடியே சொன்னாள். பாலம் இல்லாத காலத்தைச் சொன்னாள். மந்தையைச் சொன்னாள், மடுவைச் சொன்னாள், விளக்கைச் சொன்னாள். அவளுக்கு ஏற்ற இறக்கம் வரவில்லை. கடைசியில் பாரில் அடிக்கவும் இல்லை. தலை மட்டும் தெரியுது என்றதோடு நின்றாள்.

சின்னவள் கேட்டாள், "அவ ஏன் கத்தல?"

லினெட் வாயைத் திறந்தாள். கோர்டன் கேட்டுக்கொண்டிருந்தார். கண் இன்னும் சிவந்திருந்தது. பாம் பக்கத்தில் நின்றிருந்தாள், இரண்டு கையையும் கோத்துக்கொண்டு.

"ஆத்துச் சத்தம் அதிகம்மா," என்றாள்.

"அவன் சொல்ற மாதிரியே சொல்றா பாரு," என்றார் கோர்டன் பாமிடம். பிறகு தம்ளரைக் கவிழ்த்துக் காலி செய்துவிட்டு, எல்லாருக்கும் ஒரு சுற்று என்றார், அந்த இரண்டு வெளியூர்ப் பெண்களுக்கும் சேர்த்து. லினெட் பம்பை இழுத்தாள்.